நயினாதீவும் நயினார் என்னும் பெயரும்

இலங்கையின் வடகோடியில், யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு மேற்கே, பாக்கு நீரிணையில் சிதறிக் கிடக்கும் தீவுகளுள் ஒன்று நயினாதீவு. அதன் பரப்பு சுமார் 4 சதுர கிலோமீட்டரே. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு வெயில் ஏறுமுன் நடந்து சென்றுவிடலாம். இத்துணைச் சிறிய நிலத்திற்கு நாகதீபம், மணிபல்லவம், நாகநயினார் தீவு, ஹார்லெம் எனக் காலந்தோறும் வெவ்வேறு மக்கள் வெவ்வேறு பெயர் சூட்டியிருக்கின்றனர்.

செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி, ஆரணி வட்டாரங்களில் பெயருக்குப் பின்னே 'நயினார்' என்று எழுதும் மரபில் வந்தோர்க்கு இத்தீவின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஓர் உறவுணர்வு தோன்றும். தீவின் தலைமைக் கோயிலில் உறைபவள் நாகபூஷணி அம்மன் என்று அறிந்தால் அவ்வுணர்வு இன்னும் வலுப்படும். பார்சுவநாதர் திருமுடிமேல் படம் விரித்த நாகமும், தரணேந்திரனும் பத்மாவதியும் நினைவில் எழாமல் இரார். இது பண்டைச் சமணத் தீவாக இருந்திருக்குமோ என்ற வினா இயல்பானதே. ஆயினும் வினாவுக்கு விடை பெயரில் மட்டும் இல்லை. நிலத்தையும் கடலையும் அங்குள்ள ஒரு கல்லையும் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

யாழ்ப்பாண நகரிலிருந்து மேற்கே செல்லும் சாலை பண்ணையில் கடலைக் குறுக்காகக் கடந்து வேலணைத் தீவை அடைகிறது. அங்கிருந்து மீண்டும் ஒரு கடற்பாலம் புங்குடுதீவில் கொண்டு சேர்க்கிறது. புங்குடுதீவின் மேற்கு விளிம்பிலுள்ள குறிகட்டுவான் துறையோடு சாலை முடிகிறது. அதற்கப்பால் படகுதான். இருபது நிமிடத்திற்குள் நயினாதீவுக் கரை வந்துவிடும். வடக்கே அனலைதீவும் எழுவைதீவும், தென்மேற்கே நெடுந்தீவும் உள்ளன. வேலணைத் தீவின் வடபுறத்தில் ஊர்காவற்றுறை என்னும் பழந்துறைமுகம் இருக்கிறது. இதுவே கல்வெட்டுகளில் ஊராத்துறை எனப்படுவது. நயினாதீவின் வரலாறு ஏறக்குறைய முழுவதும் இத்துறைமுகத்தோடு பிணைந்தது.

நிலம் தட்டையானது. மலை இல்லை, ஆறு இல்லை. அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. வடகிழக்குப் பருவமழையின் நீர் அப்பாறையின் துளைகள் வழியே இறங்கி, உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய வில்லையாக மிதந்து நிற்கும். நன்னீர் எடை குறைந்தது, கடல்நீர் எடை மிகுந்தது. இவ்விரண்டின் வேறுபாட்டில்தான் தீவில் மனித வாழ்வு நிலைபெற்றிருக்கிறது. கிணற்றில் அளவோடு மொண்டால் நல்ல நீர் கிடைக்கும். பேராசையோடு இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறிக் கிணறு முழுவதும் கெட்டுவிடும். ஆகவே நெல்லை நம்பி வாழ்ந்த தீவன்று இது. பனையும் கடலுமே வாழ்வளித்தன. பனங்கிழங்கை உலர்த்தி ஒடியலாகவும், பனம்பழச் சாற்றைப் பாயில் ஊற்றிக் காயவைத்துப் பனாட்டாகவும் சேமித்து வைக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்துத் தீவுகள் அனைத்திற்கும் பொது. மீன்பிடித்தலும் சங்கு குளித்தலும் அக்கடற்புறத்தின் பழந்தொழில்கள்.

சுற்றியுள்ள கடல் ஆழமற்றது. பல இடங்களில் சில மீட்டர் ஆழமே உண்டு. இக்காலப் பெருங்கப்பல்களுக்கு அது தடை. பாய்மரக் காலத்து மரக்கலங்களுக்கோ அதுவே அடைக்கலம். அலை தணிந்த நீர், நங்கூரமிட ஏற்ற அடித்தளம், காற்று மாறும்வரை காத்திருக்க ஒரு மறைவு ஆகியவற்றை அத்தீவுக்கூட்டம் அளித்தது. வடகிழக்கிலிருந்து வாடை வீசும் மாதங்களில் ஒரு திசைப் பயணம், தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் மறுதிசைப் பயணம் என்பதே அக்காலக் கடலோடிகளின் நாட்காட்டி. காற்றுக்காகக் காத்திருப்போர்க்குக் குடிநீரும் வழிபடுமிடமும் வேண்டும். நயினாதீவில் இரண்டும் இருந்தன.

பாளி மொழியில் 5ஆம் நூற்றாண்டளவில் எழுந்த மகாவம்சம், புத்தர் ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டில் நாகதீபத்திற்கு வந்ததாகக் கூறுகிறது. மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர், உறவில் மாமனும் மருமகனும், ஒரு மணியாசனத்திற்காகப் போரிட்டனர். புத்தர் இடைநின்று பகை தீர்த்தார் என்பது கதை. மணிமேகலையும் இதே கதையைச் சொல்கிறது. அங்கே தீவின் பெயர் மணிபல்லவம். காவிரிப்பூம்பட்டினத்து உவவனத்திலிருந்து மணிமேகலையைத் தெய்வம் தெற்கே முப்பது யோசனைத் தொலைவு எடுத்துச் சென்று அத்தீவில் வைத்தது. புத்த பீடிகையைக் கண்டு அவள் பழம்பிறப்பை உணர்ந்தாள். தீவதிலகை வழிகாட்ட, வைகாசி விசாகத்தன்று கோமுகிப் பொய்கையில் தோன்றும் அமுதசுரபியைப் பெற்றாள்.

சமண வாசகர்க்கு அக்காப்பியம் முழுவதும் இனிப்பதில்லை என்பது உண்மைதான். புகார் வீதியில் களிமகன் ஒருவன் சமண முனிவரை எள்ளும் காட்சியும், சமயக்கணக்கர் திறம் கேட்கும் பகுதியில் நிகண்டவாதியின் கொள்கை கையாளப்படும் விதமும் மனம் கொள்ளத்தக்கனவல்ல. எனினும் கடற்செய்திகளைப் பொறுத்தவரை சாத்தனார் அறிந்து எழுதியிருக்கிறார். ஆபுத்திரன் ஏறிய மரக்கலம் காற்று மாறுபாட்டால் மணிபல்லவத்தில் ஒருநாள் தங்கியது. அவன் இறங்கியிருக்க, ஏறிவிட்டான் என்று எண்ணி இரவில் வணிகர் பாய் விரித்துச் சென்றனர். கம்பளச் செட்டியின் கலமும் அத்தீவையடைந்தே புகார் நோக்கிச் சென்று கரையருகே உடைந்தது. ஆக, காப்பியம் காட்டும் மணிபல்லவம் குடியேறி வாழும் நாடன்று, கலங்கள் நின்று செல்லும் இடைவழித் தீவு.

அது நயினாதீவுதானா? திசை ஐயமின்றிப் பொருந்துகிறது. புகாருக்கு ஏறக்குறைய நேர்தெற்கே நயினாதீவு இருக்கிறது. தொலைவு அவ்வளவு எளிதில் பொருந்தவில்லை. நேர்கோட்டில் சுமார் 170 கிலோமீட்டர். முப்பதால் வகுத்தால் யோசனை ஒன்றுக்கு 6 கிலோமீட்டர்க்கும் குறைவாகவே வரும். யோசனைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு இதைவிடப் பெரியது. காப்பியத்து எண்ணை நில அளவையாளரின் எண்ணாகக் கொள்ளலாகாது என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் எண் பொருந்தும் இடத்தில் மட்டும் அதைச் சான்றாகக் காட்டுவதும் முறையன்று. 'நாகதீபம்' என்னும் பெயருக்கும் இதே கவனம் வேண்டும். 1936இல் பருத்தித்துறைக்கு அண்மையிலுள்ள வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேட்டைப் பரணவிதான அவர்கள் வாசித்தபடி, வசப மன்னனின் அமைச்சன் ஒருவன் நாகதீபத்தை ஆண்டான். ஓர் அமைச்சன் ஆளும் நிலப்பகுதி 4 சதுர கிலோமீட்டர்த் தீவாக இருக்க முடியாது. பழைய நாகதீபம் என்பது யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதையும் தழுவிய பெயர். பிற்காலத்தில் அப்பெயர் சுருங்கி இச்சிறு தீவில் வந்து நின்றது.

இன்று இத்தீவில் நாகபூஷணி அம்மன் கோயிலும், 20ஆம் நூற்றாண்டில் அமைந்த நாகதீப விகாரையும் ஒரே கரையோரத்தில் இருக்கின்றன. ஒரே படகில் இருதிறத்து அடியாரும் வருகின்றனர். நாட்டில் மூண்ட கலவரமும் போரும் இவ்விரு தலங்களையும் தீண்டாமல் விடவில்லை. இடம் யாருடையது என்ற வழக்கு ஓயாத நாட்டில், ஒரு பெயரை முன்வைத்து மூன்றாவதாக ஒரு சமயமும் உரிமை கோருவதானால் அதற்குரிய சான்று எத்துணைத் திண்மையுடையதாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மன் கோயிலைப் பற்றிய செவிவழிக் கதையும் கடலையும் வணிகனையும் பற்றியதே. அயலிலுள்ள புளியந்தீவிலிருந்து ஒரு நாகம் வாயில் மலரைக் கவ்விக் கடலை நீந்தி நாள்தோறும் அம்மனை வழிபட்டு வந்தது. ஒருநாள் கருடன் அதைத் தாக்க முற்பட, நாகம் கடலில் இருந்த ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டது. அவ்வழியே மரக்கலத்தில் வந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் இடைபுகுந்து இரண்டையும் சமாதானம் செய்து, பின்னர்க் கோயிலையும் எடுப்பித்தான். பாம்பு சுற்றிய கல் என்றும் கருடன் கல் என்றும் இரு பாறைகளை இன்றும் காட்டுகின்றனர். வழிச்செல்லும் வணிகன் கொலையைத் தடுத்தான் என்னும் கரு, கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டோர் செவிக்கு இனிது. ஆயினும் கதை கதையே.

கல் அவ்வாறன்று. அம்மன் கோயிலில் காணப்பட்ட ஒரு கல்வெட்டைப் பேராசிரியர் கா. இந்திரபாலா அவர்கள் 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். அது பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. சிங்கள வேந்தன் ஆணை. எழுதப்பட்ட மொழியோ தமிழ். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆணையைப் படித்து நடக்க வேண்டியவர்கள் துறைமுக அலுவலரும் கலத்தலைவரும் வணிகரும். அவர்களுக்கு விளங்கும் மொழியில் அரசன் பேசினான்.

ஆணையின் பொருள் இதுவாகும். பரதேசிகளாகிய அயல்நாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும். அவர்களுக்குக் காப்பளிக்க வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்து கெடுமாயின், மீட்கப்பட்டதில் நான்கில் ஒரு பங்கைப் பண்டாரத்துக்குக் கொண்டு மூன்று பங்கை உடையவனுக்கு விட்டுவிட வேண்டும். பிற சரக்குகளை ஏற்றிய மரக்கலம் கெடுமாயின், சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு.

இக்கால நோக்கில், கப்பல் உடைந்து துயருற்றவனிடம் பாதியைப் பறிப்பது கொடுமையாகத் தோன்றலாம். அக்கால வழக்கை அறிந்தால் இதன் பெருமை புலப்படும். உடைந்து கரையொதுங்கிய கலத்தின் பொருள் முழுவதும் அந்நிலத்து அரசனுக்கே உரியது என்பது பல கடற்கரைகளில் நடைமுறை. ஆந்திரக் கடற்கரையில் மோட்டுப்பள்ளியில் காகதிய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டில் பொறித்த அபய சாசனம், முன்னிருந்த மன்னர் அவ்வாறு முழுவதையும் கவர்ந்துகொண்டனர் என்று வெளிப்படையாகக் கூறி, தான் சுங்கம் மட்டுமே கொள்வதாக உறுதியளிக்கிறது. நயினாதீவுக் கல் அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முற்பட்டது. கணபதிதேவன் அளவுக்கு அது விட்டுக்கொடுக்கவில்லை என்பது மெய். ஆனால் முழுக்கவர்வை மறுத்து ஒரு வரம்பு வகுத்தது. சீவக சிந்தாமணியில் சீதத்தன் தன் கலம் கடலில் கெட்டதாக எண்ணித் தவிக்கும் நிலையை நினைவுகூர்வோர்க்கு, அக்கால வணிகன் ஒருவனுக்கு அவ்வரம்பு என்ன பொருள்பட்டது என்பது எளிதில் விளங்கும். மாயக் கலக்கேடு காப்பியத்தில் திருமணத்தில் முடிந்தது. மெய்யான கலக்கேடு குடும்பங்களை வேரோடு சாய்த்தது.

யானைக்கும் குதிரைக்கும் மட்டும் ஏன் தனிச்சலுகை? பராக்கிரமபாகு போர்வேந்தன். குதிரை இலங்கையில் விளையாத பொருள். கடல்கடந்தே வர வேண்டும். யானை வணிகத்தில் ஏற்பட்ட பிணக்கைக் காரணமாகக் காட்டியே அவன் பர்மாவின் மேல் கடற்படை அனுப்பினான் என்று சூளவம்சம் கூறும். இதே ஊராத்துறையின் பெயர் சோழர் கல்வெட்டிலும் இடம்பெற்றிருக்கிறது. இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு, பராக்கிரமபாகு ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம், மட்டிவாழ் ஆகிய இடங்களில் படைகளைத் திரட்டிக் கலங்களைக் கட்டுவித்தான் என்றும், சோழர் தரப்பு அவற்றைத் தாக்கி அழித்தது என்றும் தெரிவிக்கிறது. ஒருபுறம் வணிகர்க்கு அபயம், மறுபுறம் போர்க்கலத் தொழில் எனத் துறைமுகம் ஒன்றாகவே இருந்தது. அறநெறியால் மட்டும் பிறந்த ஆணையன்று அது. அரசனின் தேவையும் வணிகனின் அச்சமும் சந்தித்த இடத்தில் பிறந்தது. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது.

ஆணைக்கல் ஊராத்துறையில் அன்றி நயினாதீவில் இருப்பதற்கும் காரணம் ஊகிக்கலாம். துறைமுகத்தை நோக்கிச் செல்லும் கடலோடிகள் இறங்கி வழிபடும் தலத்தில் அறிவிப்பைப் பொறித்து வைத்தல் பொருத்தமானதே.

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கீசர் வசமாயிற்று. அவர்கள் காலத்தில் வடபுலத்துக் கோயில்கள் பலவும் இடிக்கப்பட்டன. நாகபூஷணி அம்மன் கோயிலும் தப்பவில்லை. இன்றுள்ள கோயில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் தலையெடுத்தது என்பது தலவரலாறு. ஊர்காவற்றுறையை ஆங்கிலத்தில் 'கைற்ஸ்' என்பர். அது யானைத்துறை எனப் பொருள்படும் போர்த்துக்கீசத் தொடரின் முதற்சொல் சிதைந்து நின்றதாகும். பராக்கிரமபாகுவின் கல்லில் கண்ட யானை, ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே துறையில் கலமேறிக்கொண்டிருந்தது. 1658இல் வந்த ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்குச் சூட்டினர். வேலணை லைடன் ஆயிற்று, காரைதீவு ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பர்க், நெடுந்தீவு டெல்ஃப்ட், நயினாதீவு ஹார்லெம். நெடுந்தீவுக்கு அப்பெயர் ஆங்கிலத்தில் இன்றும் வழங்குகிறது. ஹார்லெம் என்றால் நயினாதீவில் இன்று யாருக்கும் தெரியாது. ஆட்சி சூட்டும் பெயர் எல்லா இடத்திலும் ஒட்டுவதில்லை.

ஒட்டிய பெயரோ 'நயினார்'. நயினார் என்னும் சொல் தலைவர், இறைவன், பெருமகனார் எனப் பொருள்படும் மதிப்புச்சொல். தமிழ்ச் சமணர் அதைக் குலப்பட்டமாகப் போற்றி வருவது உண்மை. அவர்கள் மட்டுமே அதை வழங்கினர் என்பது உண்மையன்று. வைணவ ஆசிரியருள் நயினாராச்சான் பிள்ளை உண்டு. கீழக்கரை, காயல்பட்டினக் கடற்கரைகளில் முஸ்லிம் வணிகர் குடும்பங்களில் நயினார், நெய்னா என்னும் பெயர்கள் உண்டு. பரமக்குடிக்கு அருகே நயினார்கோயில் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கு எழுந்தருளியிருப்பவர் நாகநாதர், சிவபெருமான். நயினார் என்னும் பெயரும் நாகமும் ஒருங்கே அமைந்தும், அது சைவத் தலமே. பாக்கு நீரிணைக்கு இக்கரையில் இப்படியொரு தலம் இருக்க, அக்கரையிலுள்ள பெயரை மட்டும் சமணச் சான்றாகக் கொள்வது எங்ஙனம்?

நாகத்தைக் காட்டினால் போதாது என்பதற்கும், காட்டவேண்டியது எது என்பதற்கும் நாகர்கோவில் நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள நாகராசர் கோயில் முன்பு சமணப்பள்ளியாக இருந்தது என்று கூறுவோர் நாகத்தை மட்டும் வைத்துக் கூறவில்லை. கோயில் தூண்களில் தீர்த்தங்கரர் உருவங்களும் பத்மாவதியின் உருவமும் இருக்கின்றன. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கல்வெட்டுகளில் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் சமணப் பெரியோர் பெயர்கள் வருகின்றன. உருவம், எழுத்து, ஆள் ஆகிய மூன்றும் அங்கே சேர்ந்து நிற்கின்றன. நயினாதீவைப் பற்றி வெளிவந்த சான்றுகளுள் அத்தகைய ஒன்றுமில்லை. கல்வெட்டு குறிப்பிடும் பரதேசி வணிகருள் சமணர் இருந்திருக்கக்கூடும். அக்காலத்தில் இலங்கை வரை வணிகம் செய்த ஐந்நூற்றுவர் குழு, கன்னட நாட்டில் பசதிகளுக்கும் கொடை வழங்கியதே. ஆயினும் வந்துபோன வணிகன் வேறு, தலம் வேறு.

சமணர் இலங்கையில் இருந்தனரா என்னும் வினாவுக்கு மட்டும் ஐயமற்ற விடை உண்டு. அதைத் தருவது சமணத்தைச் சார்ந்த நூலன்று, மகாவம்சம். பண்டுகாபயன் அனுராதபுரத்தை அமைத்தபோது சோதியன் என்னும் நிகண்டருக்கு ஓர் உறையுள் கட்டித் தந்தான். கிரி என்னும் நிகண்டரும் அங்கு வாழ்ந்தார். கும்பண்டர் என்பாருக்கும் அரசன் ஒரு கோட்டம் எடுத்தான். மகிந்தர் பௌத்தத்தைக் கொண்டுவருவதற்கு முன் நடந்ததாக அந்நூல் சொல்லும் செய்தி இது. பின்னர் கி.மு. 1ஆம் நூற்றாண்டில், தமிழர் படையெடுப்பில் தோற்று வட்டகாமணி அபயன் நகரைவிட்டு ஓடியபோது, தித்தாராமம் என்னும் அப்பள்ளியின் முன்னே நின்ற கிரி என்னும் பெயருடைய நிகண்டர் ஒருவர் அதைக் கண்டு உரக்க எள்ளினார். அரசன் அதை மறக்கவில்லை. அரியணையை மீட்டவுடன் அப்பள்ளியைத் தரைமட்டமாக்கி, அவ்விடத்திலேயே பௌத்த விகாரை ஒன்றை எழுப்பினான்.

தோற்று ஓடும் ஒருவனை எள்ளியது சமண முனிவர்க்கு அழகன்று. அதை மறைக்க வேண்டியதுமில்லை. பகைவர் எழுதிய வரலாறு என்று முழுவதையும் தள்ளவும் இயலாது, அச்சமயத்தின் இருப்பைக் காட்டும் முதன்மையான எழுத்து அதுவே ஆதலின். விகாரைக்கு அரசன் இட்ட பெயரில் தன் பெயரோடு நிகண்டரின் பெயரும் சேர்ந்துகொண்டது. அபயனும் கிரியும் இணைந்து அபயகிரி ஆயிற்று. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி பாகியான் அனுராதபுரம் வந்தபோது, ஐயாயிரம் பிக்குகள் வாழ்ந்த அப்பெருவிகாரை அப்பெயரோடுதான் விளங்கியது.